"என் போன்ல நம்ம கடைதான் முதல்ல வருது!"

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பர்னிச்சர் கடை. போய் உட்கார்ந்ததுமே கடைக்காரர் போனை என் முன்னால் நீட்டினார். "பாருங்க சார், பர்னிச்சர் கடைன்னு போட்டாலே நம்ம கடைதான் மேல நிக்குது. இதுக்கு மேல என்ன எஸ்.இ.ஓ. வேணும்?" கூகுள் தேடலில் ஒரு கடையை மேலே கொண்டுவரச் செய்யும் வேலைக்குத்தான் எஸ்.இ.ஓ. என்று பெயர். அவர் கடை மேலேதான் நின்றது. கடைக்குள்ளேயே உட்கார்ந்து தேடினால் வேறு எங்கே நிற்கும்? நெல்லிக்குப்பத்தில் இருக்கும் அவர் தங்கைக்கு போன் போட்டு, அதையே தேடி ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னோம். மேப்புக்குக் கீழே மூன்று கடைகள் இருந்தன. இவர் கடை அதில் இல்லை.

கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமும் கடைக்காரர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். அக்கம்பக்கத்துக் கடைகளைத் தேடும்போது கூகுள் மூன்று விஷயத்தைப் பார்க்கிறது: தேடியதற்கும் கடைக்கும் பொருத்தம் இருக்கிறதா, தேடுகிறவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், கடை எந்த அளவுக்கு அறியப்பட்டது. இதை கூகுளே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. கடைக்குள் உட்கார்ந்து சொந்தப் போனில் தேடும்போது தூரம் பூஜ்யம். அந்த முடிவை நம்பாமல், வெப்சைட் வைத்திருப்பவர்களுக்காக கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியைத் திறந்து பாருங்கள். காசு கிடையாது. எந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று எல்லாம் அதில் கிடைக்கும்.

அடுத்தது சொல். பண்ருட்டிப் பக்கம் முந்திரி வியாபாரம் செய்யும் ஒருவரின் வலைப்பக்கம் முழுக்க 180, 240, 320 என்று நம்பராகவே இருந்தது. தொழிலில் இருப்பவருக்கு அது போதும். ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, எத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான் அந்தக் கணக்கு. 320 என்றால் 300 முதல் 320 பருப்பு. 180 என்றால் 170 முதல் 180. நம்பர் குறையக் குறைய பருப்பு பெருசு, விலையும் அதிகம். ஆனால் தீபாவளிக்கு அரைக் கிலோ வாங்க நினைக்கிற அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. "பெரிய முந்திரி விலை", "பாயாசத்துக்கு உடைச்ச முந்திரி", "முந்திரி ஒரு கிலோ எவ்வளவு" என்றுதான் தட்டுவார். தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுகிறவர்களும் ஏராளம். அந்தப் பக்கத்தில் "விலை" என்ற சொல்லே ஓர் இடத்திலும் இல்லை. நம்பருக்குப் பக்கத்திலேயே இது இவ்வளவு பெருசு, இது கேசரிக்கு, இது ஸ்வீட் கடைக்காரர்களுக்கு என்று நான்கு வரி எழுதச் சொன்னேன். "இதெல்லாமா எழுதுவாங்க?" என்று சிரித்தார். கடைக்கு நேரில் வருகிறவரிடம் தினமும் வாயால் சொல்வதைத்தானே எழுதச் சொல்கிறோம்!

ஊர்ப் பெயரில் ஒரு குழப்பம் உண்டு. 2006 அக்டோபரில் பாண்டிச்சேரி அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆனது. பஸ் கண்டக்டருக்கு அது இன்றும் பாண்டிதான். உடனே சிலர் "புதுச்சேரி பாண்டிச்சேரி பாண்டி புதுவை ஹோட்டல் லாட்ஜ் ரூம்" என்று பக்கத்தின் அடியில் சந்தைக் கூவலாக அடுக்கிவிடுகிறார்கள். தேவையே இல்லை. நான்கும் ஒரே ஊர் என்று கூகுளுக்குத் தெரியும். "பாண்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் இப்படி வரலாம்" என்று இயல்பாக ஒரு வரி வந்தால் போதும்.

எல்லைக்கோடு இன்னொரு தலைவலி. கோட்டக்குப்பம் தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே விடுதி வைத்திருப்பவர், டூரிஸ்ட் வரட்டும் என்று மேப்பில் குறியை புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனுக்குள் நட்டால், ஒருநாள் ப்ரொஃபைலே, அதாவது கூகுள் மேப்பில் கடையின் பெயர், முகவரி, நேரம் எல்லாம் காட்டும் பக்கமே, முடங்கும். அதற்கு முன்பே, பெட்டியை இழுத்துக்கொண்டு தப்பான தெருவில் நின்றவர் ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. நோட்டீஸ் அடித்த டி.டி.பி. சென்டரில் இருந்து ஃபைலை வாங்கி, அந்த எழுத்தை அப்படியே வலைப்பக்கத்தில் ஒட்டுவது. அங்கே பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில்தான் அடித்திருப்பார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்து. "தமிழ்" என்று அதில் அடித்தால் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்வது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. கூகுளுக்குப் போய்ச் சேர்வதும் அந்த உளறல்தான். முத்தியால்பேட்டையில் ஒரு கேட்டரிங்காரரின் மெனு முழுவதும் இப்படிக் கிடந்தது. எல்லாக் கம்ப்யூட்டரும் தமிழாகவே படிக்கும் யூனிகோடில் மாற்றித் தர அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மெனு, விலைப்பட்டியல், திருமண பேக்கேஜ் எல்லாவற்றையும் போஸ்டராகச் செய்து படமாக மட்டும் போடுவதும் கிட்டத்தட்ட இதே தவறு. படம் இருக்கட்டும், பக்கத்திலேயே எழுத்தாகவும் இருக்க வேண்டும்.

சில பழைய நம்பிக்கைகள் சாகவே மாட்டேன் என்கின்றன. வலைப்பக்கத்தில் வருகிறவர் கண்ணுக்குத் தெரியாத மெட்டா கீவேர்ட்ஸ் என்ற பெட்டியில் நூறு சொல்லை நிரப்புவதற்குத் தனியாகக் காசு வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. ப்ரொஃபைலில் கடைப் பெயருக்குப் பின்னால் "கடலூரில் சிறந்த மலிவான" என்று வால் சேர்ப்பதும் விதிமீறல். போர்டில் என்ன பெயரோ அதுவே அங்கும் இருக்க வேண்டும். ஐந்து ஸ்டார் போட்டால் ஐஸ்கிரீம் இலவசம் என்கிற கதையும் அப்படித்தான். கூகுள் அந்த ரிவ்யூக்களை நீக்கிவிடும்.

"மாசம் இவ்வளவு, முப்பதே நாளில் முதல் இடம், கியாரண்டி" என்று வரும் போனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பணம் போவது அங்கேதான். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளின் வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது. செய்த மாற்றத்துக்குப் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும் என்றும் அவர்கள் தரப்பில் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஹோம்ஸ்டே ஒன்றுக்கு ஒரு நிறுவனம் ஆயிரம் பேக்லிங்க், அதாவது மற்ற தளங்களிலிருந்து இந்தத் தளத்துக்கு வரும் இணைப்புகள், விற்றது. எடுத்துப் பார்த்தேன். ரஷ்ய மொழிச் சூதாட்டப் பக்கம், கார் உதிரிபாகப் பக்கம், காலியான பக்கம். பாண்டியில் ரூம் தேடுகிறவர் அந்த வழியில் எப்போது வருவார்? இப்படி வாங்கிச் சேர்த்த இணைப்புகளைக் குறிவைத்துத்தான் கூகுள் 2012 ஏப்ரலில் வரிசைப்படுத்தும் முறையில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. இப்போது அவற்றைப் பெரும்பாலும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, ஆக காசு தண்டம். அளவு மீறினால் தண்டனையும் உண்டு. பக்கத்துத் தெரு சைக்கிள் வாடகைக் கடையும் ஊர்க் கல்யாண மண்டபமும் தங்கள் பக்கத்தில் "வெளியூர்க்காரர்கள் இங்கே தங்கலாம்" என்று கொடுக்கும் இரண்டு இணைப்புகளுக்கு இருக்கும் மதிப்பு அந்த ஆயிரத்துக்குக் கிடையாது. விளம்பரத்துக்குப் பணம் கட்டினால் கீழே சாதாரண முடிவிலும் ஏறலாம் என்பதும் பொய். இரண்டும் தனித்தனிக் கணக்கு.

புது வெப்சைட் போட்ட மறுநாளிலிருந்து யாரும் வரவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது ஒரே ஒரு டிக். வெப்சைட் கட்டப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் செட்டிங்கில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் கட்டம் இருக்கிறது. தளத்தைக் கட்டும்போது டிக் போட்டு வைத்தவர், திறக்கும்போது எடுக்க மறந்திருப்பார். அதுவும் இல்லை என்றால் பழைய பக்க முகவரிகளை மாற்றியிருப்பார்கள். பழைய முகவரிக்கு வருகிறவரைத் தானாகப் புது முகவரிக்கு அனுப்பும் ரீடைரக்ட் போடாவிட்டால், பல வருடம் சேர்ந்த மதிப்பெல்லாம் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும்.

திருப்பாதிரிப்புலியூர் கடைக்கு வருகிறேன். தங்கையின் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் வாடியது. சரி, ப்ரொஃபைலைத் திறப்போம் என்றேன். பாஸ்வேர்டு அவரிடம் இல்லை. நாலு வருடம் முன்னால் வேலை பார்த்த பையன் தொடங்கியதாம். அவனைத் தேடிப் பிடித்து, உரிமையை இவர் பெயருக்கு மாற்றவே ஒரு வாரம் ஓடியது. உள்ளே போனால், கடையின் வகை "மர வியாபாரி" என்று இருந்தது. நேரம் என்ற இடத்தில் ஞாயிறு: மூடப்பட்டுள்ளது. ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்குக் கட்டிலும் பீரோவும் விற்கிற நாள்.