விலை கூடின பேட்டரி போடலாமா? கடலூர், புதுச்சேரி கார்களுக்கு ஒரு கணக்கு

செல்ஃப் எடுக்கவில்லை என்று கடைக்குப் போனால் மேசைமேல் இரண்டு பேட்டரி வரும். ஒன்று சாதா, இன்னொன்று ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கூட. "இது நல்லா உழைக்கும் சார்" என்பார்கள். உழைக்கலாம். ஆனால் அந்தப் பணத்துக்கு நமக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பெட்டிமேல் இருக்கும் எழுத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் சி.சி.ஏ. எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 18 டிகிரி குளிரில் பேட்டரி 30 விநாடிக்கு எத்தனை ஆம்பியர் தரும் என்பதன் அளவு அது. தேவனாம்பட்டினத்தில் மார்கழி அதிகாலையில்கூட ஸ்வெட்டர் தேவைப்படாத ஊர் நம்முடையது. கார் கம்பெனி சொல்லும் அளவுக்குக் குறையாமல் இருந்தால் போதும். அதற்கு மேல் கூடுதல் சி.சி.ஏ.வுக்குக் காசு கொடுப்பது வீண். சில சமயம் நஷ்டமும்கூட. அதே அளவுப் பெட்டிக்குள் சி.சி.ஏ.வைக் கூட்ட வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை மெல்லிசாக்கி எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். மெல்லிய தகடு வெக்கையில் சீக்கிரம் அரிக்கும்.

இங்கே பேட்டரியைக் கொல்வது வெக்கைதான். வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் வழங்கும் தோராயக் கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் பகல் முழுக்க ஓடிவிட்டு வெயிலிலேயே நிற்கும் காரின் பானெட்டுக்குள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் நம் பக்கம் மூன்று, மூன்றரை வருடம் ஓடினாலே ஒரு பேட்டரியைக் குறை சொல்ல முடியாது.

இனி விலைக்கு வருவோம். வாரன்டி அட்டையில் 36 மாதம், 60 மாதம் என்று மொத்தமாகப் போட்டிருப்பார்கள். அதற்குள் இரண்டு பகுதி உண்டு: இலவசமாக மாற்றித் தரும் மாதங்கள், அதன்பிறகு தள்ளுபடி மட்டும் தரும் புரோ-ரேட்டா மாதங்கள். இரண்டாவதைப் பெரிதாக நம்ப வேண்டாம். தள்ளுபடியை எம்.ஆர்.பி. மேல்தான் போடுவார்கள், சாதாரணமாகப் போய் வாங்கினாலே கடைக்காரர் எம்.ஆர்.பி.யில் கொஞ்சம் குறைத்துத்தான் தருகிறார். கழித்துப் பார்த்தால் கையில் மிஞ்சுவது சொற்பம்.

ஆகவே விலையை இலவச மாதங்களால் வகுங்கள். உதாரணத்துக்கு, சாதா பேட்டரி 4,200 ரூபாய், 18 மாதம் இலவசம் என்றால் மாதத்துக்கு 233 ரூபாய். கூடுதல் விலைப் பேட்டரி 5,700 ரூபாய், 30 மாதம் இலவசம் என்றால் 190 ரூபாய். இதில் விலை கூடியதே லாபம். ஆனால் இன்னொரு பக்கமும் பாருங்கள். அந்தச் சாதா பேட்டரி மூன்று வருடம் ஓடிவிட்டால் மாதம் 117 ரூபாய்தான் ஆகிறது. 5,700 ரூபாய் பேட்டரி அந்தக் கணக்கைத் தொட 49 மாதம் ஓட வேண்டும். நம் வெயிலில் அது நடக்கவும் செய்யும், நடக்காமலும் போகும். கூடுதல் பணத்தில் நீங்கள் வாங்குவது இலவச மாற்று மாதங்களைத்தான், நீண்ட ஆயுளை அல்ல என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. இரண்டு வருடத்துக்குள் காரை விற்கப்போகிறவருக்கு சாதாவே போதும். மஞ்சள் போர்டு வண்டி என்றால் வாரன்டி மாதங்கள் குறையும். அட்டையில் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

இந்தக் கணக்கையெல்லாம் போடுவதற்கு முன்னால், பழைய பேட்டரி ஏன் படுத்தது என்று தெரிய வேண்டும். ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டி இரவு முழுக்க நின்றபின், ஹெட்லைட்டை ஒரு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு, டெர்மினலில் வோல்ட் பாருங்கள். 12.6 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. பிறகு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள். முழு சார்ஜில் இருந்தும் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி முடிந்தது. அடுத்து என்ஜினைக் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, ஏசியும் லைட்டும் போட்டு அளந்தால் 13.8க்கும் 14.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். 15ஐத் தொட்டால் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, எந்தப் பேட்டரி போட்டாலும் தண்ணீர் கொதித்து வற்றும். 13கூட வரவில்லையென்றால் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையோ அதைச் சுற்றும் பெல்ட்டையோ பாருங்கள். புதிய மாடல்கள் சிலவற்றில் மைலேஜுக்காகக் கம்ப்யூட்டரே வோல்ட்டை ஏற்றி இறக்கும். அவற்றில் ஒருமுறை குறைவாகக் காட்டியதை வைத்துப் பழி போட வேண்டாம்.

அடுத்த சந்தேகம் கசிவு மின்சாரம். பூட்டி நிற்கும் கார் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இழுத்தால் சரி. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் மாட்டி, பூட்டிவிட்டு அரை மணி நேரம் கழித்துப் படியுங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸோ மீட்டரேயோ போகும். வெறும் 30 மில்லி ஆம்பியர் என்றாலும் 15 நாளில் 11 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு); 35 ஏ.எச். பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. பார்க்கிங்கிலும் விழித்திருக்கும் டேஷ்கேம் 250 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 6 ஏ.எச். நான்காம் நாள் காலை செல்ஃப் முனகும். மாதக்கணக்கில் வீட்டில் நிற்கும் காருக்கு அந்த ஆயிரத்து ஐந்நூறை நிறைந்ததும் தானே நிற்கும் சார்ஜருக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

கடலோர வீடுகளில் டெர்மினலில் பச்சையும் வெள்ளையும் பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றி, வெந்நீரில் சோடா உப்பு கரைத்துத் தேய்த்து, உலர்ந்தபின் மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். பல "பேட்டரி கேஸ்" இதிலேயே தீர்ந்துவிடும்.

சிக்னலில் தானாக அணைந்து எழும் கார்களுக்கு இந்த விவாதமே கிடையாது. ஈ.எஃப்.பி. (சாதாவின் வலுவூட்டிய வகை) வந்திருந்தால் ஈ.எஃப்.பி.தான், ஏ.ஜி.எம். (திரவத்தைக் கண்ணாடி நார் விரிப்பில் உறிஞ்சி வைத்த, மூடி அடைத்த வகை) வந்திருந்தால் ஏ.ஜி.எம்.தான். சாதா போட்டால் அடிக்கடி இறங்கி ஏறுவதைத் தாங்காமல் சீக்கிரம் படுக்கும். மறுபக்கம், சாதாரணக் காருக்கு ஆசைப்பட்டு ஏ.ஜி.எம். போடவும் வேண்டாம். அதில் திரவம் குறைவு, தண்ணீர் ஊற்றவும் வழியில்லை. என்ஜின் பக்கத்து வெக்கையில் உலர்ந்தால் அவ்வளவுதான்.

வாங்கப் போகும்போது மீட்டரையும் எடுத்துப் போங்கள். 12.4க்குக் கீழே காட்டும் "புது" பேட்டரி கடையில் நாள்பட்டுக் கிடந்தது, வேறு கேளுங்கள். தயாரிப்பு மாதத்தைக் காட்டச் சொல்லி, மூன்று மாதத்துக்கு மேல் போனதைத் தள்ளுங்கள். பெயருக்குப் பின்னால் வரும் எல், ஆர் எழுத்து பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்பதைக் குறிக்கும். மாறினால் கேபிள் எட்டாது. பெட்ரோலைப் போலப் பாண்டியில் வாங்கினால் மலிவு என்பது ஜி.எஸ்.டி. வந்தபின் செல்லாது, இரண்டு பக்கமும் ஒரே வரிதான். விலையைக் குறைப்பது பழைய பேட்டரி எக்ஸ்சேஞ்ச். திருப்பிக் கொடுத்தால் என்ன விலை, கொடுக்காவிட்டால் என்ன விலை என்று இரண்டையும் கேட்டு ஒப்பிடுங்கள். பில்லில் சீரியல் எண்ணும் வண்டி எண்ணும் எழுதி, வாரன்டியை அங்கேயே பதிவு செய்து வாங்குங்கள். இலவசமாக மாற்றித் தரும் பேட்டரிக்குப் புது வாரன்டி கிடையாது, பழையதில் மிச்சம் இருப்பதுதான் ஓடும்.

மாட்டும்போது பக்கத்தில் நின்று கவனியுங்கள். பேட்டரியைச் சுற்றிக் கம்பெனி கொடுத்திருக்கும் வெப்பத் தடுப்பு உறையைப் பல இடங்களில் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டுப் போவார்கள். அதைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். கிளாம்ப்பையும் இறுக்கச் சொல்லுங்கள். ஆடுகிற பேட்டரியில் தகட்டுப் பசை உதிர்ந்து அடியில் சேரும், ஒருநாள் உள்ளேயே ஷார்ட் ஆகும்.