ட்ரெயினிங்கில் தூங்குவது அவ்வளவு பெரிய தவறு இல்லை

நீலகிரியில் ஹோட்டல், பேக்கரி, தேயிலை ஃபேக்டரி என்று எங்கே வேலை பார்த்தாலும் அவ்வப்போது யாராவது புரொஜெக்டரோடு மலையேறி வந்துவிடுவார்கள். உணவுப் பாதுகாப்பு, முதலுதவி, தீயணைப்பு, புது மெஷின், ஏதோ ஒன்று. கையெழுத்துப் போட்டு, சமோசா சாப்பிட்டு, குரூப் போட்டோவுக்கு நின்று, சான்றிதழ் வாங்கியாச்சு, மறுநாள் காலையில் பழையபடியே வேலை. சாப்பாட்டுக்கு அப்புறம் கண் சொருகுவதைத்தான் எல்லோரும் கிண்டல் செய்கிறோம். என்னைக் கேட்டால் அது சின்ன விஷயம். நன்றாக முழித்திருந்து, சொன்னதையெல்லாம் வரி விடாமல் எழுதிக்கொண்டு, இதில் எது நம்ம ஊருக்கு, நம்ம வேலைக்குப் பொருந்தும் என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் எழுந்து வருகிறவருக்குத்தான் நஷ்டம் அதிகம்.

சமையலறை ஆட்களுக்கான பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டின் உள்ளே எவ்வளவு சூடு என்று பார்க்கும் தெர்மாமீட்டரைச் சரிபார்க்க ஒரு வழி சொல்லித் தருவார்கள்: கொதிக்கிற தண்ணீரில் முனையை விடு, 100 டிகிரி காட்ட வேண்டும், காட்டாவிட்டால் திருத்து. சென்னையில் சரி. ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நல்ல தெர்மாமீட்டர் 93 காட்டும். அதைப் பார்த்து, கருவி கெட்டுப்போச்சு என்று ஒருவர் 100-க்கு ஏற்றி வைத்தால், அப்புறம் 68 டிகிரியில் இருக்கிற சிக்கன் அவருக்கு 75 என்று தெரியும். வகுப்பில் பாதுகாப்பான அளவு என்று எழுதிக்கொண்டு வந்ததும் அதே 75-தான்! பாடத்தை அப்படியே பின்பற்றியதால் வந்த ஆபத்து இது. இங்கே நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதில் 0 காட்டுகிறதா என்று பார்ப்பதுதான் நல்லது, அதற்கு மலை உயரம் ஒரு பொருட்டே இல்லை. மலையில் பருப்பு வேக நேரமாகும் என்பது நம் வீட்டு அடுப்படியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்லைடைப் பார்க்க ஆரம்பித்ததும் அந்த அறிவு எங்கே போகிறதோ தெரியவில்லை.

தேயிலைப் பக்கமும் இதே கதைதான். நசுக்கிய இலையைப் பரப்பி நிறம் மாற விடுகிற ஃபெர்மென்டேஷனுக்கு இத்தனை நிமிஷம் என்று சொல்வார்கள், நாமும் எண்ணை மட்டும் எழுதிக்கொள்வோம். அசாமில் சீசன் உச்சத்தில் இருக்கிற புழுக்கமும் குன்னூரில் உறைபனி விழுகிற ஜனவரி ராத்திரியும் ஒன்றா? அறை எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு மெதுவாக இலை நிறம் மாறும். அசாம் கணக்குப்படி ட்ரையருக்குள் தள்ளினால் தேநீரில் பச்சை வாசம் அடிக்கும். இலை வாட்டுவதும் அப்படியே, மூடுபனி நாளில் காற்றே ஈரமாக இருக்கும்போது வெறும் ஃபேனை எவ்வளவு நேரம் ஓட்டினால் என்ன? எந்த வெப்பத்தில், எவ்வளவு ஈரப்பதத்தில், எந்தப் பருவத்து இலைக்கு என்று சேர்த்துக் கேட்டு எழுதாத எண்ணுக்கு மதிப்பு கிடையாது.

இதற்கு நேர் எதிரான தவறும் ஒன்று உண்டு. “அதெல்லாம் கீழ்நாட்டுக்கு சார், இங்கே ஊரே பிரிட்ஜ்தானே” என்று சிரித்தே தட்டிக்கழிப்பது. குளிர்ச்சியாக வைக்க வேண்டிய பொருளுக்கு 5 டிகிரிக்குக் கீழே என்பது கணக்கு. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நாம் நடுங்குகிற 12 டிகிரி கிருமிக்குத் தாராளம், போதாததற்கு அடுப்பு எரிகிற சமையலறை வேறு. எது உயரத்தால் மாறும், எது மாறாது என்று பயிற்சியாளரிடம் நேரடியாகக் கேட்டுவிட்டால் இந்த இரண்டு தவறுக்கும் சேர்த்து முடிவு வந்துவிடும்.

எப்போது கேட்பது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கேள்வி நேரத்தை எப்போதும் கடைசியில்தான் வைப்பார்கள். மஞ்சூர் பக்கம் போகிறவருக்கு அதற்குள் மனசு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கும், மேனேஜர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் வாயும் திறக்காது. டீ இடைவேளையில் போய்க் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள், ஸ்லைடு ஆங்கிலத்தில் இருந்தால் கேள்வியும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெறுங்கையோடு போகாமல், போன வாரம் தகராறு செய்த மெஷினின் வீடியோ, பிரிட்ஜ் வெப்பநிலை எழுதுகிற நோட்டின் ஒரு பக்கம், இப்படி ஏதாவது போனில் இருந்தால் இரண்டு நிமிஷப் பேச்சிலேயே பதில் கிடைக்கும். ஸ்லைடை எல்லாம் போட்டோ எடுக்கிறவர்கள் அதைத் திரும்பத் திறந்து பார்த்து நான் கண்டதில்லை.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் நிர்வாகம் செய்கிற தவறு தனி. அன்றைக்கு வேலை இல்லாத ஆளை, இல்லாவிட்டால் முதலாளிக்கு வேண்டிய ஆளை அனுப்பிவிடுகிறார்கள். உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ 2017-ல் கொண்டுவந்த ஃபோஸ்டாக் என்ற பயிற்சியில், உணவைக் கையாளும் 25 பேருக்குக் குறைந்தது ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் என்பது கணக்கு. அப்படியென்றால் போகிறவர் திரும்பி வந்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். கணக்கு எழுதுகிற தம்பியை அனுப்பினால் அவர் யாருக்கு என்ன காட்டுவார்? பாத்திரம் கழுவுகிற அக்காவும் பரோட்டா மாஸ்டரும் பேச்சைக் கேட்கிற ஒருவர்தான் போக வேண்டும்.

திரும்பி வந்ததும் தள்ளிப்போடாதீர்கள். மறதியை முறையாக அளந்து பார்த்த எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், தன்னையே சோதித்துப் பார்த்து 1885-ல் சொன்னது இது: மனப்பாடம் செய்தது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாகக் கழன்றுவிடுகிறது, அப்புறம் மெதுவாகத்தான் குறைகிறது. அவர் மனப்பாடம் செய்தது அர்த்தமில்லாத அசைகளை, நம் விஷயம் கொஞ்சம் மேல், இருந்தாலும் மறுநாள் ஷிஃப்டிலேயே ஒரே ஒரு விஷயத்தைக் கையால் செய்து பாருங்கள், பக்கத்தில் நிற்பவருக்கும் செய்து காட்டுங்கள். தீயணைப்பு சிலிண்டரின் பின்னை ஒருமுறைகூட இழுத்துப் பார்க்காமல் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் இங்கே எத்தனை பேர்!

ஹோட்டல்காரர்களுக்கு இன்னொன்று. மலர்க் கண்காட்சி நடக்கிற மே மாதத்தில் பயிற்சி வைக்காதீர்கள். ரூம் எல்லாம் நிரம்பி, தட்டு கழுவவே ஆள் போதாத நேரத்தில் புதிதாக எதையும் யாரும் பழகப்போவதில்லை. ஜூலை மழையில் கூட்டம் குறைந்ததும் வையுங்கள், தப்பும் தவறுமாகச் செய்து பார்க்க அப்போதுதான் நேரம் இருக்கும்.