எஃப்டிரேஸ் காட்டும் நானோ வினாடிகளை நம்புவதற்கு முன்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் ஒரு ஃபங்ஷன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று அறிய விரும்புவோர் பெரும்பாலும் முதலில் கைவைப்பது, ஃபங்ஷன் அழைப்புகளைப் பதிவுசெய்யும் கருவியான எஃப்டிரேஸில்தான். 2008-இல் வெளிவந்த 2.6.27 பதிப்பு முதலே அது கெர்னலின் பகுதியாக இருக்கிறது. அதன் ஃபங்ஷன் கிராஃப் டிரேசரை இயக்கினால், ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் எதிரே மைக்ரோ வினாடிக் கணக்கில், மூன்று தசம இடங்களோடு கால அளவு வந்து நிற்கும். அந்த மூன்றாவது தசம இடம் வரை எண் துல்லியமானது என்று எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

ராஸ்பெரி பை 4 என்னும் சிறு கணினிப் பலகையில் கெர்னல் எழும்போது, தன் கடிகாரம் 54 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்றும் அதன் நுண்மை 18 நானோ வினாடி என்றும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. ஆகவே அந்தப் பலகையில் சிறிய ஃபங்ஷன்களின் அளவுகள் 0.018, 0.037, 0.055, 0.074 என்று படிப்படியாகத் தாவிக்கொண்டே இருக்கும். இடைப்பட்ட எண்கள் வருவதில்லை. ஒரு ஃபங்ஷன் 0.018 என்றும் இன்னொன்று 0.037 என்றும் காட்டினால், இரண்டாவது இருமடங்கு மெதுவானது என்று முடிவுகட்டக் கூடாது, ஏனெனில் அங்கே தெரிவது கடிகாரத்தின் ஒரே ஒரு துடிப்பு வேறுபாடு மட்டுமே.

எந்தக் கடிகாரம் ஓடுகிறது என்று பாராமலே அளப்பது அடுத்த தவறு. டிரேஸ் கிளாக் என்னும் கோப்பைத் திறந்தால், சதுர அடைப்புக்குள் இருக்கும் பெயரே நடப்பில் உள்ளது. வழக்கமாக அது லோக்கல். லோக்கல் விரைவானது, ஆனால் வெவ்வேறு சிபியுக்களின் நேரமுத்திரைகள் ஒன்றோடொன்று முறையாக ஒத்துப்போகும் என்று அது உறுதி தருவதில்லை. சிபியு 0 ஒரு பணியை எழுப்புகிறது, சிபியு 2 அதை ஓட்டத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்; பதிவிலோ எழுப்பப்படுவதற்கு முன்பே அது ஓடத் தொடங்கியதுபோல் தெரியக்கூடும். அதைக் கெர்னலின் பிழை என்று தேடிப் போகாமல், முதலில் கடிகாரத்தை, எல்லாச் சிபியுக்களின் நேரத்தையும் ஒத்திசைக்கும் குளோபலுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். பயனர் நிரலின் மோனோடானிக் (பின்னோக்கிப் போகாத) நேரத்தோடு ஒப்பிடுவதாக இருந்தால் மோனோ என்னும் கடிகாரமே பொருத்தம். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கணினிகளில், சிபியுவுக்குள்ளேயே உள்ள துடிப்பு எண்ணியான டிஎஸ்சி நிலையற்றது என்று கெர்னல் கண்டால், அது தானாகவே குளோபலுக்கு மாறி ஓர் எச்சரிக்கையையும் எழுதும். அத்தகைய கணினியில் மோனோவைத் தேர்ந்தால், ஒவ்வொரு நேரமுத்திரைக்கும் எச்பெட் போன்ற மெதுவான கடிகாரத்தைப் படிக்க நேரலாம்; அந்தத் தாமதமும் அளவோடு சேர்ந்துகொள்ளும்.

ஆனால் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது டிரேசரின் கூடுதல் சுமையைத்தான். எக்ஸ்86-இல் டிரேஸ் செய்யத்தக்க ஒவ்வொரு ஃபங்ஷனின் தொடக்கத்திலும் 5 பைட் அளவுள்ள வெற்றுக் கட்டளை ஒன்று இருக்கிறது. டிரேஸ் இயங்காதபோது அதன் செலவு ஏறத்தாழ இல்லை. இயக்கியதும் அதே இடத்தில் ஓர் அழைப்பு எழுதப்படுகிறது. ஃபங்ஷன் கிராஃபில் நுழையும்போது ஒரு பதிவு, திரும்பும்போது ஒரு பதிவு. ஒரு ஃபங்ஷன் தனக்குள் 200 சிறு ஃபங்ஷன்களை அழைக்கிறது, ஒவ்வொன்றின் பதிவுக்கும் 150 நானோ வினாடி ஆகிறது என்று கொள்வோம்: தாய் ஃபங்ஷனின் கணக்கில் 30 மைக்ரோ வினாடி வீணாக ஏறிவிடும். யாரையும் அழைக்காமல் நீண்ட சுழற்சி ஒன்றை மட்டும் ஓட்டும் ஃபங்ஷனுக்கோ இந்தச் சுமை ஒரே ஒரு முறைதான். ஆக, டிரேசர் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கிக் காட்டுவதில்லை. நிறைய அழைப்புகள் உள்ள குறிமுறையையே அதிகம் தண்டிக்கிறது. ஒரு நிலையான எண்ணைக் கழித்து இதைச் சரிசெய்ய முடியாது.

இங்கே பலர் செட் கிராஃப் ஃபங்ஷன் என்னும் கோப்பில் ஒரு பெயரை எழுதிவிட்டுச் சுமை குறைந்ததாக நம்புகிறார்கள். அது எங்கிருந்து பதிவைத் தொடங்குவது என்பதை மட்டுமே முடிவுசெய்கிறது; மற்ற ஃபங்ஷன்களிலும் அழைப்பு பொருத்தப்பட்டே இருக்கும், ஒவ்வொன்றும் நுழைந்து சோதித்துவிட்டுத்தான் விலகும். எத்தனை அடுக்கு அழைப்புகள் வரை பதிவது என்னும் ஆழ வரம்பை 1 என்று வைத்தாலும் நிலை அதுவே. பிற ஃபங்ஷன்களை உண்மையாகவே தொடாமல் விடுவது செட் எஃப்டிரேஸ் ஃபில்டர் என்னும் கோப்புதான். வேண்டிய ஒன்றிரண்டு ஃபங்ஷன்களை மட்டும் அதில் எழுதுங்கள்.

இன்னும் சில உண்டு. ஃபங்ஷன் உறங்கிய நேரமும் இயல்பாகவே கால அளவில் சேரும். சிபியுவில் ஓடிய நேரம் மட்டும் வேண்டுமெனில் ஸ்லீப் டைம் விருப்பத்தை அணைக்க வேண்டும். பதிவுகள் சேரும் நினைவிடமான ரிங் பஃபர் நிரம்பினால் பழைய பதிவுகள் மேலெழுதப்படும் என்பதால், சராசரி எடுக்கும் முன் ஒவ்வொரு சிபியுவின் ஸ்டாட்ஸ் கோப்பிலும் ஓவர்ரன் (மேலெழுதப்பட்ட பதிவுகளின்) எண்ணைப் பாருங்கள். கெர்னல் செய்திகளை அச்சிடும் பிரிண்ட்கே கொண்டு நேரம் அளக்கவே வேண்டாம்: 115200 பாட் சீரியல் கன்சோலில் 80 எழுத்துள்ள ஒரு வரி போய்ச்சேர ஏறத்தாழ 7 மில்லி வினாடி ஆகும். டிரேஸ் பிரிண்ட்கே ரிங் பஃபரிலேயே எழுதுவதால் அந்தக் காத்திருப்பு இல்லை.

அளவை ஏற்பதற்கு முன், அதே வேலையை டிரேஸ் இல்லாமல் பலமுறை ஓட்டி மொத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபில்டருடன் ஓட்டுங்கள். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு நீங்கள் தேடும் தாமதத்தைவிடப் பெரிதாக இருந்தால், ஃபில்டரிலிருந்து மேலும் சில பெயர்களை நீக்கிவிட்டு மறுபடியும் அளக்க வேண்டும்.