போருக்குக் காரணம் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் பேச்சுப்போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்கிறேன். ‘போர் ஏன்?’ என்று தலைப்புக் கொடுத்தால் போதும், “மனிதன் பிறவியிலேயே மூர்க்கன்” என்று தொடங்கிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் முழங்கினேன். ஆண்டு, பெயர்ப் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவற்றைத் திருத்திக்கொள்ளலாம்.

கோபம் பெருகினால் போர் என்பது

இதைக் கேட்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. வலை அறுந்ததற்காகப் பாம்பன் கரையில் இருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கழுத்து நரம்பு புடைத்து, கை நடுங்கியது. ஊர்ப் பெரியவர் வந்து விலக்கிவிட்டார். அப்புறம் மாலையில் ஒருவர் வல்லத்தை மற்றவர் தோள்கொடுத்துத் தள்ளினார். கோபத்தின் ஆயுள் அவ்வளவுதான். போருக்கு ஆள் கணக்கு, சம்பளம், அரிசி மூட்டை, ஆயுதம் வாங்கப் பணம், உத்தரவு எல்லாம் வேண்டும். உட்கார்ந்து நிதானமாகச் செய்கிற வேலை அது. கோபமே ஆள் சேர்த்துவிடும் என்றால், முதல் உலகப்போரின் நடுவே, 1916-இல், பிரிட்டன் எதற்குக் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் போட்டது?

இங்குள்ள இலங்கை அகதிகள் முகாமில் ஒருமுறை, “போர் நம் ரத்தத்திலேயே இருக்கிறது” என்று பேசினேன். முடிந்ததும் மன்னார்ப் பக்கத்து அம்மா ஒருவர் வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஓரம் மடிந்த சின்ன போட்டோவைக் காட்டினார். “தம்பி, என்ட மகனுக்குக் கோவமே வராது. வீட்டுக்கு வந்து பிடிச்சுக்கொண்டு போனவங்கள். நீங்கள் ரத்தம் எண்டு சொல்லுறியள்.”

எனக்கு வாய் எழவில்லை. 1956-இன் சிங்களம் மட்டும் சட்டம், தமிழ் மாணவர்களிடம் கூடுதல் மதிப்பெண் கேட்ட பல்கலைக்கழகத் தரப்படுத்தல், 1983 ஜூலையில் தமிழர்மேல் நடந்த வன்முறை, பிள்ளைகளைப் பிடித்துப்போனது என்று ஒவ்வொன்றிலும் யார் முடிவெடுத்தார்கள் என்று பேசியிருக்க வேண்டும். எல்லாப் பழியையும் ரத்தத்தின் மேல் போட்டு, முடிவெடுத்தவர்களைத் தப்பவிட்டேன்.

சிம்பன்சியைச் சாட்சிக்கு அழைப்பது

‘நம் நெருங்கிய உறவான சிம்பன்சியே கூட்டமாகப் போய்க் கொல்கிறது’ என்பார்கள். அதே அளவு நெருங்கிய உறவான, ஆனால் அப்படிக் கூட்டமாகப் போய்க் கொல்லாத போனோபோ குரங்கையும் கூப்பிடுங்கள்.

‘அறிவியலே சொல்கிறது’ என்பது

போர் இயல்பூக்கத்தால் வருகிறது என்பது அறிவியல்படி தவறு என்று 1986-இல் ஸ்பெயினின் செவில் நகரில் கூடிய அறிஞர்கள் அறிக்கை எழுதினார்கள். 1989-இல் யுனெஸ்கோ அதை ஏற்றது.

எடுத்த எடுப்பில் புராணத்துக்குப் போவது

வேண்டாம்.

மறுகோடிக்கு ஓடுவது

‘ஆதிமனிதன் சண்டையே அறியாதவன்’ என்றும் எழுதாதீர்கள். சூடானின் ஜெபல் சகாபா இடுகாட்டில், சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முந்தைய எலும்புகளில் கல்முனைகள் தைத்த காயங்கள் இருக்கின்றன. குழந்தைகளின் எலும்புகளிலும்.