வைஃபை இணைந்திருக்கிறது, ஆனால் இணையம் வரவில்லையா?

கணினியைத் தொடும் முன் அதே வைஃபையில் ஃபோனில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். ஃபோனிலும் வரவில்லை என்றால் கோளாறு கணினியில் இல்லை. ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்கள் பெட்டியில் எல்.ஓ.எஸ். விளக்கைக் கவனியுங்கள். அது சிவப்பாக எரிந்தால் ஒளியிழையில் சிக்னலே வரவில்லை. ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, நிறுவனத்துக்குப் புகார் செய்துவிடுங்கள்.

ஃபோனில் மட்டும் நன்றாக வருகிறதா? சரி, இப்போது கணினிக்கு வருவோம். விண்டோஸில் செட்டிங்ஸுக்குப் போய், வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் ஐபிவி4 முகவரி, அதாவது நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண், தெரியும். பலரும் பார்க்காமல் விடுவது இதைத்தான். 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் தர வேண்டிய முகவரி கணினிக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அந்த வைஃபையை 'ஃபர்கெட்' கொடுத்து நீக்கி, பாஸ்வேர்டு போட்டு மறுபடி இணையுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

முகவரி 192.168 என்று ஒழுங்காக இருந்தும் தளங்கள் திறக்கவில்லையென்றால், தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 (கூகுளுடையது) என்று மாற்றிப் பாருங்கள். பழைய கணினி என்றால் தேதியையும் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பின்னுக்குப் போயிருந்தால், பாதுகாப்பு எச்சரிக்கை காட்டிப் பல தளங்கள் திறக்காது.

நெட்வொர்க் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் நெட்வொர்க் ரீசெட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் அதில் போய்விடும்.