மவுண்டன் லீடர் லாக்புக்: மலைநாட்களை எப்படி எழுதி வைப்பது

பிரிட்டனில் மலைநடைக் குழுக்களை அழைத்துச் செல்ல மவுண்டன் லீடர் தகுதி பெற விரும்புகிறவர், பயிற்சிக்குப் போகும் முன் குறைந்தது 20 'தரமான மலைநாட்களை' லாக்புக்கில், அதாவது தன் மலைநடைப் பதிவேட்டில், சேர்த்திருக்க வேண்டும். மதிப்பீட்டுக்குப் போகும்போது அது 40 ஆகியிருக்க வேண்டும், அதுவும் பிரிட்டன், அயர்லாந்தின் மூன்று மலைப் பகுதிகளிலாவது நடந்திருக்க வேண்டும். பலரும் இந்த எண்ணிக்கையைத் துரத்துகிறார்கள். லாக்புக்கைத் திறக்கும் மதிப்பீட்டாளரோ ஒவ்வொரு பதிவிலும் ஒரு கேள்விக்குத்தான் விடை தேடுவார்: அன்று வழியைத் தீர்மானித்தது யார்?

எந்த நாள் கணக்கில் வரும்? ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ நடந்திருக்க வேண்டும். திட்டமிடுவதிலும் வழிநடத்துவதிலும் உங்களுக்குப் பங்கு இருக்க வேண்டும். பாதை விட்டு விலகி, வரைபடத்தையும் காம்பஸையும் நம்பிப் போன பகுதி இருக்க வேண்டும். புதிய இடமும் மோசமான வானிலையும் அந்த நாளின் மதிப்பைக் கூட்டும். எல்லா அம்சங்களும் ஒரே நாளில் அமைவது அபூர்வம். பெரும்பாலானவை இருந்தால் போதும். வேல்ஸின் ஸ்னோடன் மலையில் ரயில் தண்டவாளத்தை ஒட்டியே ஏறும் லான்பெரிஸ் பாதையில் போய் வந்தால் கால் வலிக்கும், உச்சியும் கிடைக்கும். வழி கண்டுபிடிக்கும் திறனுக்கு அதில் வேலையே இல்லை. அதைச் சாதாரண மலைநடையாகப் பதிந்துவிடுங்கள். வழிகாட்டிக்குப் பின்னால் நடந்த வெளிநாட்டு மலையேற்றம் எவ்வளவு உயரமானாலும் அதே கதிதான்.

மலையில் இருக்கும்போதே குறிப்பெடுங்கள். மழையில் பேனா எழுதாது, ஆகவே பென்சிலும் நீர் புகாத தாள் கொண்ட சின்ன நோட்டும் மேலங்கிப் பையில் இருக்கட்டும். கிளம்பிய நேரம், ஒவ்வொரு திருப்பத்தையும் அடைந்த நேரம், மேகம் இறங்கிய உயரம், காற்றின் திசை, நீங்கள் முன்னால் நடந்த பகுதி, இவ்வளவு போதும். தூரத்தையும் ஏற்றத்தையும் வீட்டில் வரைபடத்தை வைத்து அளந்துகொள்ளலாம். அன்று இரவே, தவறினால் இரண்டு நாளுக்குள், முழுப் பதிவையும் எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து நினைவில் நிற்பது உச்சியும் மழையும்தான். எந்த இடத்தில் தயங்கினீர்கள் என்பது மறந்துபோயிருக்கும், மதிப்பீட்டாளருக்குத் தேவையானதும் அதுதான்.

"லேக் டிஸ்ட்ரிக்ட், போஃபெல், மழை, நல்ல நடை" என்று இங்கிலாந்தின் ஒரு மலையைப் பற்றி எழுதிய பதிவை வைத்து அவரால் எதையும் சொல்ல முடியாது. அதே நாளை இப்படி எழுதலாம்:

"ஓல்டு டஞ்சன் கில் – தி பேண்ட் – போஃபெல் (902 மீ.) – ஓர் கேப் (கணவாய்) – எஸ்க் பைக் (885 மீ.) – எஸ்க் ஹாஸ் – ஆங்கிள் டார்ன் – ராசெட் கில் – தொடக்க இடம். சுமார் 15 கி.மீ., ஏற்றம் சுமார் 970 மீ., 6 மணி 25 நிமிடம். இருவர். வழித்திட்டம் என்னுடையது, எஸ்க் ஹாஸ் வரை நான் முன்னால், பிறகு நண்பர். 700 மீட்டருக்கு மேல் மேகம், 50 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரிந்தது. போஃபெல்லிலிருந்து ஓர் கேப்புக்குக் காம்பஸ் கோணமும் அடிக்கணக்கும் (அடிகளை எண்ணித் தூரம் அளப்பது). பாறைக்குவியலில் அடி சிறுத்ததால், 100 மீட்டருக்கு 65 இரட்டை அடி (இரண்டு எட்டு ஓர் எண்ணிக்கை) என்ற என் கணக்கு பொருந்தவில்லை. கேப்பை அடையும் முன்பே நின்றுவிட்டேன். தரையின் சரிவை வரைபடத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டோம். பாறைத் தரைக்குத் தனி அடிக்கணக்கு அளக்க வேண்டும்."

இதில் தவறும் பதிவாகியிருக்கிறது. அதை மறைக்காதீர்கள், தவறைக் கண்டுபிடித்துத் திருத்தியவரிடம் குழுவை நம்பி ஒப்படைக்கலாம். திட்டமிட்ட நேரத்தையும் ஆன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது இன்னொரு நல்ல பழக்கம். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் தந்த நடைநேர விதிப்படி மணிக்கு 5 கி.மீ., ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். மேலே உள்ள நடைக்கு ஓய்வு சேர்க்காமல் நாலரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். பத்துப் பதிவுகளில் இந்த இடைவெளியைப் பார்த்தாலே உங்கள் வேகத்தைப் பற்றி உங்களுக்கே தெளிவு வரும்.

40 நாட்களில் 30 ஒரே பள்ளத்தாக்கைச் சுற்றியே இருப்பது அடிக்கடி நடக்கிற தவறு. பழகிய மலையில் எல்லோருக்கும் வழி தெரியும். ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மேட்டுநிலம், வட அயர்லாந்தின் மோர்ன் மலைகள் என்று தெரியாத இடங்களுக்குப் போங்கள். பயிற்சியில் கற்றதைப் பழகிய நாட்கள் பதிவில் தெரிய வேண்டும் என்பதால், பயிற்சிக்கும் மதிப்பீட்டுக்கும் நடுவே நிறைய நாட்கள் விழட்டும்.

கூடார இரவுகளுக்குத் தனிக் கணக்கு. மதிப்பீட்டுக்கு முன் குறைந்தது 8 இரவுகள், அவற்றில் குறைந்தது 4 முகாம் திடலுக்கு வெளியே திறந்த மலையில். கூடாரம் போட்ட இடத்தின் கிரிட் எண் (வரைபடக் கட்டத்தில் இடத்தைக் குறிக்கும் எண்), தண்ணீர் எடுத்த இடம், காற்றுக்கு எப்படி மறைவு தேடினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

இந்தத் தகுதியை நடத்தும் மவுண்டன் ட்ரெய்னிங் அமைப்பில் பதிவு செய்தவர்களுக்கு டிலாக் என்ற இணையப் பதிவேடு உண்டு. அதில் ஏற்றிய பிறகும் மழையில் நனைந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஏதாவது ஒரு நாளைப் பற்றி மதிப்பீட்டாளர் கேட்டால், நேரங்களும் திருப்பங்களும் அதில்தான் இருக்கும்.