தடுமம் பிடித்த முதல் நாள்: ஆவி முதல் மிளகுத் தண்ணீர் வரை

ஜலதோஷம் என்று மற்றவர்கள் சொல்வதை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் தடுமம் என்போம். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பத்தமடையில் ஏறினாலும் கல்லிடைக்குறிச்சியில் ஏறினாலும் பஸ்ஸுக்குள் தும்மல் சத்தம்தான். தென்காசி, குற்றாலம் பக்கத்தவர்களுக்கு ஆனி, ஆடிச் சாரலிலேயே மூக்கு ஒழுகத் தொடங்கிவிடும். அந்த நாட்களில் வெளியூரில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூக்கடைத்த குரலில் போன் செய்து, "நொச்சி எவ்வளவு போட வேண்டும்? சுக்கை அப்படியே போடலாமா?" என்று கேட்பார்கள். வீட்டு வைத்தியத்தைத் தன் கையால் இதுவரை செய்து பார்க்காத அந்தப் பிள்ளைகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தடுமத்தைக் கொல்லும் மருந்து சமையலறையில் இல்லை, மருந்துக் கடையிலும் இல்லை. தடுமத்தை உண்டாக்கும் வைரஸ்கள் 200 வகைக்கும் மேல். பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் உடலே அவற்றை விரட்டிவிடும். அதுவரை மூக்கைத் திறந்து வைப்பது, தொண்டையை நனைத்து வைப்பது, இரவில் தூங்க விடுவது ஆகிய மூன்றும்தான் நம் வேலை. ஆச்சி செய்ததெல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கும். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். மூக்கடைத்து ஓர் இரவு முழுக்க வாயால் மூச்சுவிட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மூக்கு ஏன் அடைக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சளி நிறைந்து அடைப்பதாகத்தான் நினைக்கிறோம். உண்மையில் மூக்கின் உள்தோலில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் வீங்கிவிடுகின்றன. அடைப்புக்குப் பெரிய காரணம் அந்த வீக்கம்தான். கன்னத்திலும், நெற்றியிலும், கண்களுக்கு நடுவிலும், அதற்குப் பின்னாலும் எலும்புக்குள் காற்றறைகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து மூக்குக்கு வரும் சிறு வாசல்கள் வீக்கத்தில் மூடிக்கொண்டால் உள்ளே நீர் தேங்கி, குனிந்தாலே தலை கனக்கும். இதைத்தான் 'தலையில் நீர் கோத்துக்கொண்டது' என்கிறோம். சித்த மருத்துவத்தில் இதைப் பீனிசம் என்பார்கள். அதனால் மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள். சளி காற்றறைக்கும் காதுக்கும் தள்ளப்படும். ஒரு துளையை விரலால் மூடிக்கொண்டு மற்றதை மெதுவாகச் சிந்துங்கள், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

மாலை: ஆவி பிடித்தல்

தும்மலும் கண்ணெரிச்சலும் தொடங்கிய அன்று மாலையே ஆவி பிடிக்கலாம். எங்கள் ஊரில் இதற்கு நொச்சிதான். கன்னடியன் கால்வாய்க் கரையிலும் வயல் வேலிகளிலும் தானாக வளர்ந்து நிற்கும். ஒரு காம்பில் ஐந்து இலைகள் விரல் விரித்ததுபோல் இருக்கும், சில சமயம் மூன்று. மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் சாம்பல் பூத்த வெளுப்பு, பூ நீலம் கலந்த ஊதா. சந்தேகமாக இருந்தால் ஓர் இலையைக் கசக்கி முகருங்கள். அந்தக் காரமான வாசனையை ஒரு தடவை அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இரண்டு கைப்பிடி இலையைக் கழுவிக்கொள்ளுங்கள். சாலையோரத்துச் செடியென்றால் நன்றாகவே கழுவ வேண்டும். அடி அகன்ற, எளிதில் சாயாத பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீர் ஊற்றி, இலையும் அரை ஸ்பூன் மஞ்சள்தூளும் போட்டு, மூடி வைத்துக் கொதிக்க விடுங்கள். தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். எரியும் அடுப்பின் மேல் குனிந்து ஆவி பிடிப்பது கூடவே கூடாது.

அடுத்ததுதான் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது. பாத்திரத்தைக் கட்டிலிலோ ஸ்டூலிலோ வைக்காதீர்கள், மடியில் வைக்கவே வைக்காதீர்கள். தரையில் ஒரு பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் கட்டிலில் சட்டியை வைத்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்தபோது, என் தம்பி மகள் ஓடிவந்து கட்டிலில் ஏறினாள். சட்டி சாய்ந்து தொடையில் வெந்நீர் கொட்டிவிட்டது. மூன்று வாரம் கட்டுப் போட்டோம், தழும்பு இன்றும் இருக்கிறது. சாதாரணத் தடுமம் ஒன்றுக்கு ஒரு குழந்தை அந்த வேதனையை அனுபவித்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆவி பிடிக்கும் அறைக்குக் கதவு சாத்திவிடுவோம்.

பாயில் சம்மணமிட்டு உட்காருங்கள். மூடியைத் திறந்ததும் வரும் முதல் ஆவி முகத்தைச் சுட்டுவிடும். அதனால் திறந்து ஒரு நிமிடம் போக விட்டு, பிறகு போர்வையால் தலையையும் பாத்திரத்தையும் மூடுங்கள். முகத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் முழங்கை முதல் விரல் நுனி வரையிலான தூரம் இருக்கட்டும். கண்களை மூடிக்கொண்டு, மூக்கால் இழுத்து வாயால் விடுங்கள். மூக்கு முழுதும் அடைத்திருந்தால் முதலில் வாயால் இழுங்கள், இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு துளையாவது திறக்கும். 5 நிமிடம் போதும், 10 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கெட்டிச் சளி இளகியிருக்கும் அந்த நேரத்திலேயே மெதுவாகச் சிந்திவிடுங்கள். நாளைக்கு இரண்டு தடவை செய்யலாம்.

நொச்சி கிடைக்கவில்லையா? துளசி அல்லது ஓமவல்லி போடலாம். கற்பூரவல்லி என்று மற்ற ஊர்களில் சொல்வார்களே, அதுதான் ஓமவல்லி. ஒன்றுமே இல்லையென்றால் வெறும் வெந்நீரே பாதி வேலையைச் செய்துவிடும். சளியை இளக்குவது சூடும் ஈரமும்தான். இலை வாசனை, மூச்சு தாராளமாகப் போவதுபோன்ற உணர்வைத் தருகிறது. கற்பூரமும் தைலமும் அள்ளிப் போட்டால் கண் எரிந்து தண்ணீர் கொட்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வாசனை எதுவும் வேண்டாம். சிறு குழந்தைகளுக்குப் பாத்திர ஆவியே வேண்டாம். குளியலறைக் கதவைச் சாத்தி, வெந்நீரைத் திறந்துவிட்டு, அந்த வெதுவெதுப்பில் உங்கள் மடியில் கொஞ்ச நேரம் வைத்திருங்கள், போதும்.

2023 டிசம்பர் வெள்ளத்தின்போது மின்சாரம் இல்லை, கடைகள் திறக்கவில்லை. ஈரத்தில் நின்ற எங்கள் தெருவே தும்மியது. அப்போது விறகடுப்பும் ஒரு கொத்து நொச்சியும்தான் கைகொடுத்தன.

ஆவி பிடித்த கையோடு: சுக்குக் காபி

இதில் காபித்தூள் கிடையாது, பாலும் கிடையாது. பொடியை ஒரு தடவை செய்து வைத்தால் மழைக்காலம் முழுக்க வரும்.

சுக்கு 50 கிராம், கொத்தமல்லி விதை 100 கிராம், நல்லமிளகு 10 கிராம், ஏலக்காய் ஐந்து எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் மிளகு என்று கேட்டு வாங்கும் கருப்பு மிளகுதான் எங்களுக்கு நல்லமிளகு. சுக்கை அப்படியே போடக்கூடாது. 'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்பது பழைய வழக்கு. சுக்கின் மேல்தோலையும் கடுக்காயின் கொட்டையையும் நீக்க வேண்டும் என்று பொருள். கத்தியால் தோலைச் சுரண்டிவிட்டு, அம்மிக் குழவியால் நச்சுங்கள். முழுச் சுக்கை மிக்சியில் போட்டால் பிளேடு போய்விடும். கொத்தமல்லியை வாசனை வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, ஆறியதும் எல்லாவற்றையும் சேர்த்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். நைசாக அரைத்தால் வடிகட்டியில் அடைத்துக்கொள்ளும். ஈரமில்லாத சீசாவில் போட்டு மூடிவையுங்கள்.

இனிப்புக்குக் கருப்பட்டிதான். உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் விடாதீர்கள். தேரி மணலில் நிற்கும் பனைகளின் பதநீரைக் காய்ச்சி எடுப்பது, அதன் மணமே தனி. ஆனால் கருப்பட்டியில் மண்ணும் தூசியும் இருக்கும். அதனால் முதலில் கருப்பட்டியைத் தட்டி, அரை தம்ளர் தண்ணீரில் கரைத்து, சூடாக்கி வடித்துக்கொள்ளுங்கள். தனியாக ஒன்றரை தம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பொடியைப் போட்டு, ஒரு தம்ளராகச் சுண்டும்வரை கொதிக்க விட்டு, கடைசியில் கருப்பட்டித் தண்ணீரை ஊற்றி ஒரு கொதி வந்ததும் இறக்கி வடிகட்டுங்கள். வாய் பொறுக்கும் சூட்டில் மெல்ல மெல்லக் குடியுங்கள். ஒரே மடக்கில் குடித்தால் தொண்டைக்கு அந்த இதம் கிடைக்காது.

கருப்பட்டி என்பதால் சர்க்கரை நோயாளிகள் தாராளமாகக் குடிக்கலாம் என்று ஒரு நம்பிக்கை எங்கள் பக்கம் பரவிக் கிடக்கிறது. அது தவறு. கருப்பட்டியும் இனிப்புதான், ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டும். அவர்கள் இனிப்பில்லாமல் சுக்கு வெந்நீராகவே குடிக்கட்டும். வயிற்றுப் புண் உள்ளவர்கள் மிளகைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினமும் குடிப்பதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இரவு: பற்றும் தலையணையும்

நெற்றி கனத்தால் சுக்குப் பற்று போடலாம். சந்தனம் உரைக்கும் கல்லில் இரண்டு சொட்டு வெந்நீர் விட்டு, தோல் சுரண்டிய சுக்கை உரையுங்கள். வரும் விழுதை நெற்றியில் மெல்லியதாகப் பூசுங்கள். புருவத்துக்குக் கீழே இறங்க வேண்டாம், வியர்த்துக் கண்ணில் வழிந்தால் துடித்துப்போவீர்கள். முதல் தடவை என்றால் முன்கையில் ஒரு பொட்டு வைத்து 10 நிமிடம் பாருங்கள். எரிந்து சிவந்தால் உங்கள் தோலுக்கு அது ஆகாது. பற்று காய்ந்து தோலை இழுக்கத் தொடங்கும்போது வெந்நீரால் கழுவிவிட வேண்டும், அப்படியே தூங்கிவிடக்கூடாது.

சித்த மருந்துக் கடைகளில் நீர்க்கோவை மாத்திரை என்று ஒன்று கிடைக்கும். அது விழுங்குவதற்கல்ல. வெந்நீரில் இழைத்து நெற்றியில் பற்றுப் போடுவதற்கானது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அருகில் இருப்பவர்கள் அங்கேயே காட்டி, மருத்துவர் சொன்னபடி வாங்கிக்கொள்வது நல்லது.

படுக்கும்போது தலையணையை இரட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். தலை தாழ்ந்தால் ரத்தம் மூக்குத் தோலில் தேங்கி அடைப்பு கூடும். மூக்கில் விடும் கடைச் சொட்டு மருந்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்தால், அதை நிறுத்தியதும் மூக்கு முன்னிலும் மோசமாக அடைத்துக்கொள்ளும்.

காலை: உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுதல்

யோகப் பயிற்சியில் ஜல நேதி என்று சொல்வது இதுதான். செய்யும் முறையைவிடத் தண்ணீர்தான் இங்கே முக்கியம். குழாய்த் தண்ணீரையோ, கிணற்றுத் தண்ணீரையோ, எவ்வளவு தெளிவாக ஓடினாலும் தாமிரபரணித் தண்ணீரையோ நேராக மூக்கில் விடாதீர்கள். மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் நுழைகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் அந்த நோயால் உயிர்கள் போயிருக்கின்றன. தண்ணீரை 5 நிமிடம் கொதிக்க வைத்து, மூடியபடியே ஆற வைத்து, வெதுவெதுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

250 மில்லி தண்ணீருக்கு அரை ஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு. அயோடின் சேர்க்காத உப்பு என்றால் எரிச்சல் குறையும். வெறும் தண்ணீர் சுள்ளென்று எரிக்கும், உப்பு கூடினாலும் எரிக்கும். கண்ணீர் அளவுக்குக் கரித்தால் சரியாக இருக்கிறதென்று கொள்ளலாம். கழுவும் தொட்டியின்மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து அதன் வழியாகவே மூச்சுவிட்டபடி, மூக்குள்ள கிண்டியால் மேல் துளையில் மெல்ல ஊற்றுங்கள். மறு துளை வழியாக வழியும். பிறகு பக்கம் மாற்றுங்கள். முடித்ததும் குனிந்தபடி மெதுவாகச் சிந்தி மிச்சத் தண்ணீரை வெளியேற்றுங்கள். மூக்கு அறவே அடைத்திருக்கும்போதோ காது வலிக்கும்போதோ இதைச் செய்யாதீர்கள். கிண்டியைச் சூடான தண்ணீரில் கழுவிக் காயவைக்க மறக்க வேண்டாம்.

மதியம்: மிளகுத் தண்ணீர்

ஒரு ஸ்பூன் நல்லமிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், தோலோடு நான்கு பல் பூண்டு நச்சி, நெல்லிக்காய் அளவு புளிக்கரைசலில் உப்பும் மஞ்சளும் போட்டு நுரை கூடும்வரை கொதிக்க விட்டு, நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். தூதுவளை கிடைத்தால் இலைகளில் உள்ள முள்ளைக் கிள்ளிவிட்டு, நெய்யில் வதக்கி அரைத்து இதிலேயே சேர்க்கலாம். குழைந்த சோற்றில் ஊற்றிச் சாப்பிடலாம், தம்ளரில் ஊற்றியும் குடிக்கலாம்.

செய்யக்கூடாதவை சில உண்டு. ஆச்சிமார் செய்தார்கள் என்பதற்காக அவற்றைத் தொடர முடியாது. கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாக மாறக்கூடும். கற்பூரத்தைக் காய்ச்சிய எண்ணெயைக் கைக்குழந்தையின் நெஞ்சில் தடவாதீர்கள், கற்பூரம் குழந்தைகளுக்கு நஞ்சு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது. சுட்ட மஞ்சள் புகையும் சாம்பிராணிப் புகையும் வீங்கிய மூக்கை இன்னும் எரிக்கும்.

10 நாள் தாண்டியும் குறையாவிட்டால், குறைந்ததுபோல் இருந்து மறுபடி காய்ச்சலும் முகவலியும் வந்தால், மருத்துவரிடம் போங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வைக் கோளாறு, கழுத்தை அசைக்க முடியாத தலைவலி, மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் 10 நாள் காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள். சளி பச்சையாகிவிட்டது என்பதற்காக மட்டும் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட வேண்டாம். வைரஸுக்கு அது வேலை செய்யாது.

வீட்டில் கொஞ்சம் மண் இருந்தால், விரல் கனத்தில் ஒரு சாண் நீள நொச்சிக் குச்சியை வெட்டி, கணு இரண்டு மண்ணுக்குள் போகும்படி நட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் எளிதாக வேர்பிடிக்கும். மாடியென்றால் பெரிய தொட்டியில் வைக்கலாம். தலையை அவ்வப்போது கிள்ளிவிட்டால் புதராகக் கிளைத்து, அடுத்த ஐப்பசிக்குக் கைப்பிடி இலை உங்கள் வீட்டிலேயே இருக்கும்.